மயிலோட்டும் குரல்

மயிலைக் கண்டால் ஊரில் எல்லோருக்கும் முருகன் ஞாபகம் வரும். எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வரும். வந்த உடனே பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை. சில கோபங்களைச் சூடு குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எல்லையைத் தாண்டி மலையாளச் சீமையில், பெருமாட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். பின்னால் தென்னை, முன்னால் ரோட்டை ஒட்டிக் கடலைக்காடு. விதை போட்டால் மயில் கிளறித் தின்னும். முளைத்தால் கொத்தும். காய் பிடித்தால் செடியோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, தோகையை இழுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தது போல நடந்து போகும். அதைப் பிடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்கிறது. எங்கள் வீட்டில் அதற்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. சாமி ஏறுகிற வாகனம், அதன்மேல் ஒரு மண்ணாங்கட்டிகூட எறியக் கூடாது. பட்டாசு போடக் கூடாது, நாயை ஏவக் கூடாது. வாயால் வேண்டுமானால் விரட்டலாம். சாமிக்கும் சர்க்காருக்கும் பொல்லாப்பு இல்லாத ஒரே ஆயுதம் தொண்டைதான் என்று எங்கள் வீட்டு ஆம்பிளைகள் முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்தத் தொண்டை அம்மாவுடையது. இன்னின்னார் மயிலோட்ட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சோறாக்குவது, சாணி அள்ளுவது போல அதுவும் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துகொண்டது. விடியற்காலையில் அடுப்புக்கும் காட்டுக்கும் நடுவே ஓடி ஓடிக் கத்துவாள். வெயில் ஏறியதும் காட்டோரத்து வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "ஹேஏஏய்" என்று அவள் போடுகிற சத்தம் தென்னந்தோப்பைத் தாண்டிப் பின்வீட்டுக் களம்வரை கேட்கும். பொழுது சாயும்போது அவளுக்குப் பேச்சே வராது. குழம்பு ஊற்றட்டுமா என்பதைக் கரண்டியைத் தூக்கிக் காட்டித்தான் கேட்பாள். மற்ற நேரத்திலும் சருகைக் காலால் மிதித்தது போன்ற ஒரு குரல். என் அம்மாவின் குரலே அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு நல்ல குரல் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழாம் வகுப்பில் பள்ளிக் கலைவிழாவான கலோத்ஸவத்தில் லலித கானம் என்கிற மெல்லிசை பாடி முதலாவதாக வந்தேன். அடுத்தது சப்ஜில்லா, சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் சேர்ந்த போட்டி. அதற்கு எடுத்திருந்த பாட்டில், சரணத்தில் ஒரு வரி விர்ரென்று மேலே ஏறும். அங்கே போனதும் என் குரல் காய்ந்த சுள்ளி மாதிரி உடையும். அந்த ஒரு வரி உடையாமல் வர வேண்டும். அந்த வருஷம் எனக்கு உலகத்தில் வேறு கவலையே கிடையாது. சாப்பிடும்போதும் அந்த வரிதான், பல் விளக்கும்போதும் அந்த வரிதான்.

எங்கள் பக்கத்துச் சித்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில் பாட்டு டீச்சர் ஒருவர் இருந்தார். மலையாளத்துக்காரி, சின்ன வயது, கொச்சியில் வெஸ்டர்ன் கற்றுக்கொண்டு வந்தவர். அப்பா என்னை அவரிடம் சேர்த்துவிட்டார். முதல் நாள் டீச்சர் பாட்டையே எடுக்கவில்லை. என் உள்ளங்கையை என் நெஞ்சின்மேல் வைக்கச் சொல்லி, ரோட்டில் அந்தப் பக்கம் சிநேகிதி போகிறாள், கூப்பிடு என்றார். "ஹேய்" என்று கூப்பிட்டேன். கைக்குக் கீழே நெஞ்சு கிர்ரென்று அதிர்ந்தது. அது செஸ்ட் வாய்ஸ் என்றார். அப்புறம் அடியிலிருந்து மேலே "ஊ" என்று ஆந்தை மாதிரி இழுக்கச் சொன்னார். ஓரிடத்தில் நெஞ்சின் அதிர்வு சட்டென்று நின்றுபோய், சத்தம் நெற்றிக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக வந்தது. பக்கத்து அறையில் வேறு யாரோ பாடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அதுதான் ஹெட் வாய்ஸ்.

என் வியாதி என்னவென்று டீச்சர் உடனே சொல்லிவிட்டார். நெஞ்சுக் குரலையே பிடித்துக்கொண்டு மேலே மேலே இழுக்கிறேன், அது ஓர் அளவுக்குமேல் வராது, இழுத்தால் உடையும், விடாமல் இழுத்தால் தொண்டை போகும். இரண்டையும் கலந்த மூன்றாவது ஒன்று வேண்டும், அதன் பெயர் மிக்ஸ். பாதி இது, பாதி அது என்று அளந்து ஊற்றுவதில்லை, மோளே, என்றார். அதைப் பிடிப்பதற்கு "ஙே ஙே" என்று சிணுங்குகிற குழந்தைபோல ஒரு பயிற்சி கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் நான் குளிக்க அம்மா வெந்நீர் விளாவினாள். கொதிக்கிற தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் ஊற்றிக் கையை விட்டு ஒரு சுழற்று. நானும் கையை விட்டுப் பார்த்தேன். எந்த இடத்தில் சூடு முடிந்து எந்த இடத்தில் குளிர் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மிக்ஸ் எனக்குப் புரிந்தது அங்கேதான், பேக்கரி மாடியில் இல்லை.

ஒவ்வொரு வகுப்பையும் டீச்சர் ஒரே பேச்சில்தான் தொடங்குவார். "வலிச்சா தப்பு. தொண்டையில எங்கயாவது வேதனை வந்தா அப்பவே நிறுத்திடணும். பாட்டு ஒருக்காலும் வலிக்கக் கூடாது, மோளே."

வீட்டில் பயிற்சி செய்ய இடமில்லை. அதனால் கிணற்றடி மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நாலு சுவரும் குரலைத் திருப்பித் தரும், கேட்கவே ஆசையாக இருக்கும். "ஹேய், ஹேய்" என்று நெஞ்சுக்கு. "ஊ" என்று தலைக்கு. "ஙே ஙே ஙே" என்று இரண்டுக்கும் நடுவே. வெளியே யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள் என்று தெரியும், அதனால்தான் கதவு. ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருப்பதை நான் யோசிக்கவில்லை.

என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். உலகத்தில் எந்தச் சங்கடத்துக்கும் வேலந்தாவளம் சந்தையில் ஒரு சாமான் கிடைக்கும் என்று நம்புகிறவர். மாட்டுச் சந்தைக்குப் போய் மாடு வாங்காமல் வேறு எதையாவது வாங்கி வருவது அவர் வழக்கம். அந்த வாரம் வாங்கி வந்தது ஒரு சிவப்புக் குழாய் ஸ்பீக்கர். தள்ளுவண்டிக்காரர்கள் ஒரு தடவை "தக்காளி, தக்காளி" என்று பேசிப் பதிந்து, நாள் முழுக்க அலறவிடுவார்களே, அதுதான். எதற்கு என்று கேட்டதற்கு, "பொறுத்துப் பாரு அம்முணி" என்று கண்ணைச் சிமிட்டினார். அவர் கண்ணைச் சிமிட்டினால் யாருக்கோ கேடு என்று எங்கள் வீட்டு எருமைக்குக்கூடத் தெரியும்.

இரண்டொரு நாளில் பள்ளிக்கூட பஸ்ஸில் சாயந்திரம் திரும்பி வருகிறேன். எங்கள் காட்டுப் பக்கம் பஸ் திரும்பும்போது என் குரல் வெளியே கேட்டது. நான் பஸ்ஸுக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் குரல் கடலைக்காட்டுக்கு நடுவே மூங்கில் கழியில் தொங்கிக்கொண்டு ஊரைக் கூட்டுகிறது. "ஹேய், ஹேய்! ஊஊஊ! ஙே ஙே ஙே!" முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பஸ்ஸில் ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பின்சீட்டிலிருந்து ஒருத்தன் "ஙே ஙே" என்றான். அவ்வளவுதான், பஸ்ஸே ஙே ஙே என்றது. டிரைவர் அண்ணன்கூடச் சிரிப்பை அடக்க முடியாமல் ஹார்ன் அடித்தார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பையைத் தூக்கி எறிந்தேனா, செருப்பை எறிந்தேனா, ஞாபகமில்லை. எதையோ எறிந்தேன். சித்தப்பா பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தார். "ஒரு மயிலு உண்டா பாத்தியா? உன்ற கொரலுக்கு அத்தனை பவரு!" என்றார். நான் கத்தினேன். அழுதேன். என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்றேன். அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "உடு கண்ணு, சித்தப்பன் ஏதோ வெளையாட்டுக்குப் பண்ணீருக்கறான்" என்று சிரித்தார்.

ஆம்பிளைகள் சிரித்தது போகட்டும். அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவளோ, "போச்சாது போ, ரெண்டு நாளைக்கு ஓடட்டும்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகளை ஊர் நக்கலடிக்கிறது, இவளுக்கு ஓடட்டுமாம். அன்றைக்கு நான் சித்தப்பாவைவிட அம்மாவைத்தான் அதிகமாக வெறுத்தேன்.

இரண்டு நாள் ஒரு வாரமாக நீண்டது. பள்ளியில் என் பெயரே போய், மயில் என்று ஆகிவிட்டது. அந்த வாரம் வீட்டில் சில விநோதங்கள் நடந்தன. மத்தியானத்தில் அம்மா வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாத அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒருநாள் சமையலறையில் தெளிவாக ஒரு பெண் குரல் கேட்டது. யாரோ ஒறம்பரை, சொந்தக்காரர்கள், வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அம்மா பூனையிடம் பேசிக்கொண்டிருந்தாள். அது ஏன் அப்படி என்று நான் யோசிக்கவில்லை. நான் கோபமாக இருந்தேன், கோபத்தில் இருப்பவளுக்கு அடுத்தவர் குரல் எங்கே காதில் விழும்?

கடைசியில் மயில்கள்தான் கெடுத்தன. என் "ஹேய்" கேட்டால் பறந்தவை, என் "ஊ" கேட்டால் நின்று பதில் குரல் கொடுக்க ஆரம்பித்தன. நான் ஒரு "ஊ", அவை ஒரு அகவல். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்கள். சித்தப்பா என்னிடமே வந்தார். "அம்முணி, அந்த ஊ ஊவெல்லாம் மயிலுக்குப் புடிச்சுப்போச்சு. ஹேய் மட்டும் தனியா ஒருக்கா கத்திக் குடு சாமி."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நான் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஸ்பீக்கர் காட்டைவிட்டுப் போகிறவரை சாப்பிட மாட்டேன், சப்ஜில்லாவிலும் பாட மாட்டேன் என்றேன். மறுநாளும் சாப்பிடவில்லை. விஷயம் டீச்சர் காதுக்குப் போய், அவர் அப்பாவுக்குப் போன் செய்தார். குட்டியைக் கேட்காமல் அவள் குரலை எடுத்தது சரியில்லை, பாடுகிற குரல் அது, மனம் நொந்தால் மேடையில் வராது என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் சொன்னால் அப்பாவுக்கு வேதவாக்கு. உடனே காட்டுக்குப் போய் ஸ்பீக்கரைக் கழற்றி வந்தார். "பாடற புள்ளையோட கொரலு. அதைக் கொண்டுபோய் மயிலுக்குப் போடலாமாடா?" என்று தம்பியைத் திட்டவும் செய்தார். நான் ஜெயித்தேன்.

ஸ்பீக்கர் சும்மா கிடப்பானேன், உங்கள் குரலைப் பதிந்து போடுங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ற கொரலா? ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் சிரிப்பானே!"

"என்ற கொரலைக் கேட்டுச் சிரிக்கலீங்களா?"

"நீ சின்னப் புள்ளை. பெரிய மனுசன் கொரலு அப்படிப் போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் அப்பா.

அப்படியானால் அம்மா குரலைப் போடுங்கள் என்றேன். இரண்டு பேரும் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டது போலப் பார்த்தார்கள். ஊட்டுப் பொம்பளை கொரலு மைக்கில ரோடு முச்சூடும் கேட்டா, ஒறம்பரை என்ன பேசும் என்றார் அப்பா. அதே ரோட்டோரத்தில், அதே வேப்பமரத்தடியில், அதே பொம்பளை வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள். அது ஒறம்பரை காதில் விழாதாம். மைக்கில் வந்தால்தான் அது குரல், வாயில் வந்தால் அது வேலை. இதைச் சொல்ல அவர்களுக்கு நாக்குக் கூசவில்லை. சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அடுத்த சந்தைக்குச் சித்தப்பா கோபித்துக்கொண்டு ஸ்பீக்கரை ஒரு ஆட்டு வியாபாரியிடம் தள்ளிவிட்டு வந்தார். அதற்கு முன்னாலேயே, ஸ்பீக்கர் இறங்கிய மறுநாள் காலையிலேயே, அம்மா காட்டுக்குப் போயிருந்தாள்.

என் குரலை நான் கேட்டு வாங்கியதில் தப்பில்லை. இன்றைக்கு நடந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டுத்தான் எழுவேன். ஆனால் என் குரல் போகக் கூடாது, சித்தப்பா மானம் போகக் கூடாது, அப்பா கௌரவம் போகக் கூடாது, மயிலுக்கு ஒரு கீறல் விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய வீட்டில், போனால் போகட்டும் என்று விட்டது ஒன்றே ஒன்றைத்தான். போன வருஷம் கோயமுத்தூரில் ஒரு டாக்டர் அம்மாவின் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்க்குமே, அப்படிக் குரல்நாணில் காய்த்துப் போயிருக்கிறது, ரொம்ப நாளையது என்றார். "யாரும்மா உங்களை இப்படிக் கத்தச் சொன்னது?" என்று கேட்டார். அப்பா ஃபேனைப் பார்த்தார். சித்தப்பா போனைப் பார்த்தார். இப்போது அம்மா போனில் பேசினால் அந்தப் பக்கத்திலிருந்து "சொல்லுங்க சார்" என்கிறார்கள். அம்மா திருத்துவதில்லை. நான்தான் போனைப் பிடுங்கி, சார் இல்லை, என் அம்மா என்று கத்துகிறேன்.

அதெல்லாம் இப்போது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சப்ஜில்லா மட்டும்தான். அதற்கு முந்தின சாயந்திரம் மோட்டார் ரூமில் பாடிக்கொண்டிருந்தேன். அந்த வரி உடையாமல் ஏறியது. இன்னொரு தடவை பாடினேன், மறுபடியும் ஏறியது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள், முந்தானையெல்லாம் செம்மண். குழாயில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு நின்றாள்.

"அந்த மூணு கொரலு என்னென்ன, எனக்கும் சொல்லு பாக்கலாம்" என்றாள். காற்றும் கரகரப்புமாகத்தான் வந்தது.

உனக்கு எதற்கு என்று எரிந்து விழுந்தேன். அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருந்தது. சும்மா சொல்லு கண்ணு என்றாள். வேண்டா வெறுப்பாகச் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்து "ஹேய்" சொல் என்றேன். கையை வைத்துச் சொன்னாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இழுக்கிறாய், தப்பு என்றேன். "ஊ" சொல் என்றேன். உதட்டைக் குவித்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள், அப்போதும் காற்றுதான். உனக்கு ஹெட் வாய்ஸே கிடையாது என்று டீச்சர் மாதிரி தீர்ப்புச் சொன்னேன். நடுவில் ஒன்று உண்டென்றாயே என்றாள். வெந்நீர் விளாவுவது போல என்றேன்.

"அட, வெளாவறாப்புலயா?" என்று அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அதுல கத்துனா வலிக்காதா?"

"கத்தறதில்லை அம்மா, பாடறது. வலிச்சா தப்பு. வலிக்கவே கூடாது."

"வலிக்கக் கூடாதா?" என்றாள். முந்தானைச் செம்மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும், "வலிக்கவே கூடாதா கண்ணு?" என்றாள்.

எத்தனை தடவை சொல்வது என்று சலித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். வயசான காலத்தில் இவளுக்கும் பாட்டு ஆசை வந்துவிட்டது போல என்று நினைத்தேன். அப்போது அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகியிருக்காது.

மறுநாள் காலையில் நெற்றிக்குத் திருநீறு வைத்து அனுப்பிவிட்டு, அம்மா காட்டுக்குப் போனாள். நான் பட்டுப்பாவாடையோடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். கடலைக்காட்டுக்குள்ளிருந்து "ஹேஏஏய்" என்று சத்தம் வந்தது. ஏறி ஏறிப் போய், உச்சியில் சுள்ளியாக உடைந்தது. மறுபடி ஏறியது, மறுபடி அதே இடத்தில் உடைந்தது. நேற்றுத்தான் அவ்வளவு சொல்லிக்கொடுத்தேன், இன்றைக்கும் அதே தப்பைச் செய்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.